நேத்ராலம்மாவின் ஏழாவது கண்

போன வாரம் காவ்யா வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினாள். நான் வேலை பார்த்த திருப்பதி வெள்ளிக் கடையில் இப்போது பழைய வெள்ளிப் பிரிவைக் கவனித்துக்கொள்கிற பெண் அவள். ஸ்ரீசிட்டியில் ஏதோ கம்பெனி வேலையை விட்டுவிட்டு வந்தவள், கெட்டிக்காரி. படத்தில் ஒரு சின்னப் பதக்கம். நடுவில் பிடி, இரண்டு பக்கமும் மொட்டுப்போலக் குவிந்த விரல்கள். கீழே எழுதியிருந்தாள்: “அங்கிள், போன்ல போட்டோ புடிச்சி கேட்டேன். பாட்டில் ஓப்பனர்னு சொல்லுது. கரெக்டா?”

அது வஜ்ரம். புத்த மதத்துச் சாமிகள் கையில் வைத்திருப்பது. தான் உடையாது, மற்ற எதையும் உடைக்கும் என்பது அதன் பொருள். பாட்டில் மூடியையும் உடைக்கும்தான் என்பதால் போன் சொன்னதை முழுப் பொய் என்று தள்ளவும் முடியாது. பதில் எழுதி அனுப்பிவிட்டு, மனைவியிடம் சொல்லிச் சிரித்தேன். கொஞ்ச நேரம் கழித்து அந்த போன்மேல் எனக்கு ஒரு பாசமே வந்துவிட்டது. தெரியாது என்று சொல்லத் தெரியாமல், கேட்ட மாத்திரத்தில் ஏதாவது ஒரு பெயரை அடித்துவிடுகிற ஒருவரிடம்தான் நான் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தேன்.

அவர் பெயர் சுப்பராமய்யா. திருப்பதிக் கிளையின் மேனேஜர்.

அவரிடம் போய்ச் சேர்ந்த கதையில் பெரிதாக ஒன்றுமில்லை. எனக்குப் புத்தூருக்கும் நகரிக்கும் இடையில் ஒரு கிராமம். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு. நைனாவுக்கு நான் கரும்பு பயிரிட வேண்டுமென்று ஆசை. எனக்குக் கரும்பைத் தின்பதோடு சரி. சித்தூர்க் கடையில் சேர்ந்து மூன்று வருடம் கொலுசுக்குத் திருகாணி மாட்டினேன். கால் விரலைப் பார்த்தே மெட்டியின் அளவைச் சொல்லுமளவுக்குத் தேறினேன். என் கையெழுத்து தமிழ், தெலுங்கு, இங்கிலீஷ் மூன்றிலும் அச்சடித்ததுபோல இருக்கும். இதை நானே சொல்லிக்கொள்வது அழகில்லை, ஆனால் வேறு யாரும் சொல்வதில்லையே. திருப்பதியில் கிளை திறந்தபோது சீட்டு எழுத ஆள் வேண்டுமென்று என்னை அனுப்பிவைத்தார்கள்.

சுப்பராமய்யா சார் எப்போதும் வெள்ளைச் சட்டை, வெள்ளைப் பேன்ட். நாற்காலியைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டுத்தான் உட்காருவார். எழுந்த பிறகும் ஒரு தடவை துடைப்பார். அது எதற்கு என்று நான் கேட்டதில்லை. வாடிக்கைக்காரர்களோடு தெலுங்கில் ஆரம்பித்து, முகத்தைப் பார்த்துத் தமிழுக்கு மாறிவிடுவார். குரலை உயர்த்த மாட்டார். திட்ட வேண்டுமென்றாலும் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மாட்டிக்கொண்டுதான் திட்டுவார். அதற்குள் நாம் பாதி செத்திருப்போம்.

எங்கள் கடைக்கு வடக்கேயிருந்து உருக்குவதற்குப் பழைய வெள்ளி மூட்டை மூட்டையாக வரும். லடாக், சிக்கிம், நேபாளப் பக்கத்து உடைந்த மாலைகள், இடுப்புக் கொக்கிகள், தாயத்துப் பெட்டிகள். அவற்றில் பலவற்றில் சாமி உருவம் இருக்கும். சாமி முகத்தை உருக்க சார் ஒப்புக்கொள்ளவில்லை. “மூஞ்சி இருந்தா உருக்காதய்யா. அது நம்ம மொகத்த பாத்துக்கினே உருகும்” என்றார். அப்படிச் சேர்ந்தவற்றைக் கண்ணாடி அலமாரியில் வைத்தோம். கல்லூரிப் பெண்கள் விரும்பி வாங்க ஆரம்பித்தார்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் அது எந்தச் சாமி என்று அட்டைச் சீட்டு எழுதி வைப்பது என் வேலை. எந்தச் சாமி என்று முடிவு செய்வது சாருடைய வேலை.

அதற்கு அவர் ஒரு முறை வைத்திருந்தார். கை எத்தனை, கையில் என்ன, காலடியில் என்ன என்று கேட்பார். நான் சொல்வேன். மூன்று எண்ணுவதற்குள் பெயர் வந்துவிடும்.

“வாங்கறவன் எந்த சாமின்னு கேக்கறான். நூவு தெரியாதுன்னு சொல்ற. அந்த நிமிசமே அது சாமி இல்ல, தகடு. அர்த்தமயிந்தா?” என்பார்.

எனக்கு நன்றாகவே அர்த்தமானது. தொப்பை வைத்த ஒரு சாமி வந்தது, மடியில் ஒரு சின்னப் பிராணி, அதன் வாயிலிருந்து மணிமணியாக ஏதோ கொட்டுகிறது. “குபேருடு” என்றார். கையில் எலி இருக்கிறதே சார் என்றேன். “பிள்ளையாரு ஊருக்கு போய்க்கிறாரு. வர்ற வரைக்கும் பாத்துக்க சொல்லி குடுத்துட்டு போன எலி.” நான் ‘குபேரர், விருந்தாளி எலியுடன்’ என்று எழுதினேன். இன்னொன்றில் வலது கையில் நெருப்புக் கக்கும் கத்தி. முனீஸ்வரன் என்றார். பக்கத்தில் தாமரைப்பூவின்மேல் புத்தகம் இருக்கிறது என்று நான் காட்டினேன். மூன்றாவது எண்ணிக்கைக்குள் “படிச்சவரு” என்று பதில் வந்தது. ‘முனீஸ்வரன் (படித்தவர்)’ என்ற சீட்டு ஒன்றரை வருடம் அலமாரியில் இருந்தது.

எல்லாவற்றுக்கும் மேலே, பதினொரு தலை வைத்த ஒரு பதக்கம். ராவணன் என்றார். நான் இரண்டு தடவை எண்ணிப் பார்த்து, ஒரு தலை அதிகம் சார் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். “திரும்பி பாக்கறப்ப செஞ்சிருக்காங்க” என்றார்.

இதையெல்லாம் இன்று சிரிப்பாகச் சொல்கிறேன். அன்றைக்கு நாங்கள் இரண்டு பேரும் மிகவும் தீவிரமாகத்தான் இருந்தோம்.

டோல்மா அக்கா கடைக்கு வந்தது அப்படி ஒரு மார்கழியில். கர்நாடகத்தில் இருக்கிற திபெத்தியர் குடியிருப்பைச் சேர்ந்தவர். மலைக்குப் போகிறவர்களுக்கு ஸ்வெட்டர் விற்பதற்காகக் குளிர்காலத்தில் திருப்பதிக்கு வந்து, ரயில்வே ஸ்டேஷன் பக்கம் மைதானத்தில் கடை போடுவார். சின்ன வயதிலிருந்தே அப்பாவோடு வந்து வந்து, எங்கள் ஊர்த் தமிழையும் தெலுங்கையும் எங்களைப் போலவே கலந்து பேசுவார். கழுத்திலிருந்து ஒரு வெள்ளிப் பெட்டியைக் கழற்றி என் முன்னால் வைத்தார். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது. முன்பக்கத் தகட்டில் பத்மாசனம் போட்ட ஒரு பெண் உருவம். வலது கை முழங்காலின்மேல் விரிந்து கொடுக்கிற மாதிரி இருந்தது. இடது கையில் தாமரைத் தண்டு. பெட்டியைத் தொங்கவிடுகிற வளையம் அறுந்திருந்தது.

“வளையம் மட்டும் ஒட்டுண்ணா. தெறக்காத, தேய்க்காத” என்றார்.

அவர் தெளிவாகச் சொன்னார். நானும் தெளிவாகக் கேட்டேன். இங்கேதான் எங்கள் ஊர்ப் புத்தி குறுக்கே வந்தது. எங்கள் பக்கத்தில் ஒருவர் வீட்டுக்குப் போய் ‘சாப்பாடு வேண்டாம்’ என்றால் இலை போட்டுவிடுவார்கள். வேண்டாம் என்பதை இரண்டாவது தடவை சொன்னால் பாயசம் மட்டும் கொடுப்பார்கள். மூன்றாவது தடவை சொன்னால்தான் உண்மையிலேயே வேண்டாம் என்று பொருள். டோல்மா அக்கா ஒரே ஒரு தடவைதான் சொன்னார். கூச்சப்படுகிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

கடைக்குள் வந்த எந்தப் பழைய உருப்படிக்கும் எங்களிடம் ஒரு வரிசை உண்டு. முதலில் காதருகே வைத்து ஆட்டிப் பார்க்க வேண்டும். உள்ளே கூடாக இருக்கிற நகைகளில் நசுங்காமலிருக்க அரக்கு அடைத்து வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். அரக்கு ஆடாது, ஆனால் தட்டினால் மொத்தையாக ஒலிக்கும். அடுத்து மோந்து பார்க்க வேண்டும். பிறகு திறந்து, ஊசியால் அரக்கை வழித்துப் போட்டு, வெறும் வெள்ளியை எடை பார்க்க வேண்டும். அதன்பின் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் கொதிக்கவைத்து, பிரஷ் போட்டு, மிஷினில் பாலிஷ் கொடுத்து, பருத்தித் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். இந்த வரிசையில் எதையும் விடக் கூடாது என்பது சார் கட்டளை. கடையைவிட்டு எது வெளியே போனாலும் பல்லைக் காட்டுகிற மாதிரி மின்ன வேண்டும்.

பெட்டியைத் தட்டினேன், மொத்தையாக ஒலித்தது. பின்பக்கத் தகட்டை நகர்த்தினேன். உள்ளே கறுப்பாக, இறுகிப்போய் ஏதோ இருந்தது. மோந்தேன். அரக்கு வாசனை இல்லை. பழைய நெய் வாசனை, அதற்குள் ஏலக்காய் மாதிரி ஏதோ ஒன்று. கை ஒரு நொடி நின்றது. நின்ற கையைப் பேச விட்டிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. வரிசையில் அடுத்தது வழித்துப் போடுவது என்பதால், உள்ளே என்ன என்று பார்க்காமலே வழித்துப் போட்டேன்.

பாலிஷ் முடிந்து பார்த்தபோதுதான் அந்த அம்மனின் நெற்றியிலும் ஒரு கண் இருப்பது தெரிந்தது. உள்ளங்காலிலும் கண், உள்ளங்கையிலும் கண். சாரிடம் எடுத்துக்கொண்டு ஓடினேன். அவர் வழக்கமான கேள்விகளைக் கூடக் கேட்கவில்லை.

“நேத்ராலம்மா” என்றார். “கண்ணு நோவு தீர்க்கற தல்லி. அலமாரில வையி.”

“சார், இது ரிப்பேருக்கு வந்தது.”

“விக்கலய்யா. தர்சனத்துக்கு.”

‘நேத்ராலம்மா. ஏழு கண் உடையவள். கண் நோய்க்கு உகந்தவள். விற்பனைக்கு அல்ல’ என்று மூன்று மொழியிலும் எழுதினேன். என் வாழ்க்கையில் எழுதிய சீட்டுகளிலேயே அழகான சீட்டு அதுதான். கண் புரை விழுந்த ஒரு அம்மா கொலுசு மாற்ற வந்தவர், அலமாரியைத் திறக்கச் சொல்லி அம்மன் நெற்றியில் குங்குமம் வைத்துவிட்டுப் போனார். மறுநாள் அவர் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார். அதற்கு மறுநாள் மல்லிகைச்சரம் வந்தது. ஒரு வாரத்துக்குள் கண்ணாடி போட்டவர்கள் எல்லோரும் எங்கள் கடைப்பக்கம் நின்றுவிட்டுப் போக ஆரம்பித்தார்கள். சார்கூடக் காலையில் கடை திறந்ததும் தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி அம்மன்முன் ஒரு தடவை காட்டிவிட்டு மாட்டிக்கொண்டார்.

ஒன்பதாம் நாள் டோல்மா அக்கா வந்தார். ரிப்பேர் ரசீதைக் கொடுக்க என்னிடம் வந்தவர், அலமாரியைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

“இது என்னுது” என்றார்.

“ஆமாம்மா, உங்களுதே” என்று சார் எழுந்து வந்தார். “எவ்ளோ பேருக்கு கண்ணு தெளிவாயிடிச்சி தெரியுமா?”

“மூஞ்சில என்னா செவப்பா?”

“குங்குமம்மா. பக்தருங்க வெச்சது.”

அவர் பெட்டியைக் கையில் வாங்கி, காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தார். நான் ஆட்டிப் பார்த்த அதே மாதிரி. பிறகு என் பக்கம் திரும்பினார்.

“உள்ள இருந்தது எங்கண்ணா?”

அவர் கத்தவில்லை. வாடிக்கைக்காரர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். அது அவருடைய அப்பாவின் பெட்டி. ஊர் ஊராக ஸ்வெட்டர் மூட்டையோடு போகும்போதெல்லாம் கழுத்தில் போட்டிருந்தது. குடியிருப்பில் இருந்த ஒரு வயதான பிக்கு தன் கையால் மந்திரம் எழுதிச் சுருட்டி உள்ளே வைத்துக் கொடுத்தது. அந்த பிக்குவும் இல்லை, அப்பாவும் போய் இரண்டு வருடம் ஆகிறது. நாளை மறுநாள் அவருக்கு ரயில்.

“அது இல்லாம நான் ரயிலேற மாட்டேன்” என்றார். அவ்வளவுதான் சொன்னார். ஸ்டூலில் இருந்து எழுந்திருக்கவில்லை.

சார் உடனே, “பூஜை ரூம்ல பத்ரமா கீதும்மா” என்றார். பழக்க தோஷம்.

“காட்டு.”

சார் வாயைத் திறந்தார். நான் மனசுக்குள் எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று. வாய் திறந்தபடியே இருந்தது. ஒரு பெயரும் வரவில்லை. கண்ணாடியைக் கழற்றினார், துடைக்க மறந்து கையிலேயே வைத்துக்கொண்டார்.

“நாக்கு தெலீதம்மா” என்றார். எனக்குத் தெரியாது அம்மா என்று சுப்பராமய்யா சார் சொல்லி நான் கேட்ட முதல் தடவை அது. அவருடைய மூக்கின்மேல் கண்ணாடி பதிந்த இரண்டு பள்ளங்களும் அன்றைக்குத்தான் என் கண்ணில் பட்டன. எனக்கு அவர்மேல் இரக்கமாகவும், என்மேல் வெறுப்பாகவும் இருந்தது.

வழித்துப் போட்டது நான்தான் என்பதை ஒப்புக்கொண்டேன். ஆனால் எங்கள் தொழிலில் குப்பையை யாரும் வெளியே கொட்டுவதில்லை. அதில் வெள்ளித்தூள் இருக்கும் என்பதால் மாடிப் பட்டறையைப் பெருக்கி மூட்டை கட்டி வைப்போம். புத்தலப்பட்டில் எத்திராஜ் என்று ஒருவர் அதை வாங்கிப் போய், கொளுத்திச் சாம்பலாக்கி, அரைத்து, தண்ணீரில் அலசி வெள்ளியைப் பிரித்தெடுப்பார். அன்று காலையில்தான் மூட்டையை எடுத்துக்கொண்டு போயிருந்தார். அவருக்கு போன் போட்டோம், எடுக்கவில்லை. கொளுத்துகிற வேலையில் இருந்தால் அவர் போனை எடுக்க மாட்டார்.

சாருடைய காரில் மூன்று பேரும் கிளம்பினோம். இருக்கைகளுக்குப் போட்ட பிளாஸ்டிக் உறையை அவர் அதுவரை கழற்றியதில்லை, நாங்கள் ஒவ்வொரு வளைவிலும் வழுக்கிக்கொண்டே போனோம். டோல்மா அக்கா பின்சீட்டில் இருந்து திடீரென்று கேட்டார்.

“உங்க அலமாரில பதினோரு தல இருக்குதே, அது ராவணன்னு ஆர் எழுதினது?”

எழுதியவனான நான் ஜன்னல் வழியே மாந்தோப்பைப் பார்த்தேன்.

“மரி எவரும்மா அது?” என்றார் சார். அவர் இன்னொருவரிடம் கேட்டு நான் பார்த்ததும் அன்றைக்குத்தான்.

“சென்ரேசிக். அவலோகிதேஸ்வரர்னு சொல்வாங்க. ஊர்ல இருக்கறவங்க படற கஷ்டத்த பாத்துப் பாத்து அவரு தல வெடிச்சிப் போச்சி. வெடிச்ச துண்டெல்லாம் தலயா ஆயி, பதினொண்ணு. எல்லாப் பக்கமும் பாக்கறதுக்கு.”

சார் ஒரு லாரியை முந்தினார். பிறகு, “நம்ம கடைக்கு வந்திருந்தா இன்னும் நாலு தல கூட ஆயிருக்கும்” என்றார். பின்சீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்கவில்லை. நானும் சிரிக்கவில்லை.

எத்திராஜின் களத்தில் குப்பையைக் குவித்து, மேலே வறட்டி அடுக்கி, எல்லாம் தயாராக இருந்தது. அவர் ஒரு தகரத்தின் மறைவில் உட்கார்ந்து சோறு தின்றுகொண்டிருந்தார்.

“காத்தாலயே கொளுத்தியிருப்பேன் சார். காத்து அடிச்சிக்கினே கீது. அதான் துன்னுட்டு பாக்கலாம்னு வுட்டுட்டேன்” என்றார்.

காற்றுக்குக் கும்பிடு போட்டுவிட்டுக் குவியலைக் கலைத்தோம். தேட வேண்டியது விரல் கனத்தில் சுருட்டிய ஒரு காகிதம். நான் எதிர்பார்க்காத தொல்லை ஒன்று அங்கே காத்திருந்தது. எங்கள் பட்டறை ஆசாரிகள் எல்லோரும் பீடி குடிக்கிறவர்கள். ஒரு மாதத்துக் குப்பையில் எத்தனை பீடித் துண்டு இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். எல்லாம் பாலிஷ் பொடியும் கரியும் படிந்து ஒரே நிறம், ஒரே பருமன். ஒவ்வொன்றாக எடுத்துப் பிரித்துப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

வெள்ளைப் பேன்ட் போட்ட சுப்பராமய்யா சார், துடைக்காத கல்லின்மேல் உட்கார்ந்து, பீடி பிரித்துக்கொண்டிருந்த காட்சியை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். ஒவ்வொரு துண்டையும் மோந்து, முகத்தைச் சுளித்து, வலது பக்கம் போடுவார். ஒரு தடவை கையை உயர்த்திக் காட்டி, “இதில எழுத்து இருக்குதம்மா” என்றார். டோல்மா அக்கா ஓடி வந்து பார்த்தார். அது பீடிக் கம்பெனியின் பெயர்.

காற்று வேறு, பிரித்ததையெல்லாம் கிளப்பிக்கொண்டு போனது. எத்திராஜ் துண்டை விரித்துப் பிடித்துக்கொண்டு பீடித்தாளைத் துரத்தினார். சாலையில் போன பஸ்ஸிலிருந்து எட்டிப் பார்த்தவர்கள் எங்களைப் பற்றி என்ன நினைத்தார்களோ.

அதைக் கண்டுபிடித்தது டோல்மா அக்காதான். பழுப்பேறிய காகிதம், மேலே நிறம் மங்கிய நூல் சுற்றியிருந்தது. நூல் அவிழவில்லை. கரி கூட உள்ளே போகவில்லை. அவர் அதை நெற்றியில் வைத்துக்கொண்டு அப்படியே குப்பைக்கு நடுவில் உட்கார்ந்துவிட்டார்.

“இன்னும் ஏதாச்சும் இருந்துதாம்மா உள்ள?” என்று கேட்டார் சார்.

“கொஞ்சம் பார்லி. அது போனா போவுது, என் மூட்டைல இருக்குது. அப்பறம் ஒரு சின்ன உருண்ட.”

“என்னா உருண்ட?”

“லட்டு.”

சார் கையில் இருந்த பீடி கீழே விழுந்தது. “மல லட்டா?”

“எங்க அப்பா மொத தபா இந்த ஊருக்கு வந்தப்ப ஒரு ஸ்வெட்டர் கூட விக்கல. ஆரோ சொன்னாங்கன்னு நடந்தே மலைக்குப் போய்ட்டு வந்தாரு. மறுநாள் எல்லாம் வித்துப் போச்சி. அதுலருந்து ஒரு துண்டு கிள்ளி உள்ள வெச்சிக்கினாரு. பெட்டி மேல இருக்கற அம்மன் பேரும் டோல்மாதான், அவங்களுக்கு தொணயா இருக்கட்டும்னு சொல்வாரு.”

என் மூக்கு அன்றைக்கே சொன்ன நெய்யும் ஏலக்காயும் இதுதான். திருப்பதியில் வேலை பார்த்துக்கொண்டு, தினம் ஒருவராவது லட்டு கொடுக்கிற ஊரில் இருந்துகொண்டு, அந்த வாசனையை அரக்கு என்று நான் வழித்துப் போட்டிருக்கிறேன். சார் என்னைத் திட்டவில்லை. மண்டி போட்டுத் தேட ஆரம்பித்தார். வெள்ளைப் பேன்ட் முழங்காலில் கறுத்துப்போனது.

லட்டு கிடைக்கவில்லை. குவியலின் ஓரத்தில் ஒரு எறும்பு வரிசைதான் இருந்தது. சார் குனிந்தபடியே அந்த வரிசையின் கூடவே போனார். களத்தைத் தாண்டி, வேலியைத் தாண்டி, ஒரு வேப்பமரத்தின் அடியில் அது ஒரு பொந்துக்குள் நுழைந்தது. அவர் அந்தப் பொந்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, செருப்பைக் கழற்றி, கை கூப்பிக் கும்பிட்டார்.

“பாக்கியசாலிங்க” என்றார், எறும்புகளைப் பார்த்து.

கடைக்குத் திரும்பியதும் சார் கை, கால், முகம் கழுவிக்கொண்டு வந்து தன் மேஜை இழுப்பறையைத் திறந்தார். அதில் எப்போதும் மலை லட்டு இருக்கும். அவர் ஒரு துண்டு கிள்ளி, டோல்மா அக்காவிடம் நீட்டினார். “அப்பா வெச்சது ஆவாதும்மா. தெரியும்” என்றார்.

“அப்பாவுக்கும் ஆரோ கிள்ளிக் குடுத்ததுதான். நீங்களே வைங்க” என்றார் அவர்.

சார் வைத்தார். மந்திரச் சுருளை டோல்மா அக்கா வைத்தார். ஊருக்குப் போனதும் வேறொரு பிக்குவிடம் காட்டிப் பூஜை செய்து மூடிக்கொள்வதாகச் சொன்னார். குங்குமத்தைக் கூடத் துடைக்கவில்லை. ரயில் ஏறுகிற வரை இருக்கட்டும் என்றார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு மார்கழியிலும் அவர் வந்து எங்கள் அலமாரிக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கினார். குபேரர் ஜம்பாலாவாக மாறினார். கையில் இருப்பது எலியில்லை, கீரி. புதையலைக் காக்கும் பாம்புகளை அடக்கி ரத்தினத்தைக் கக்குகிறது. படித்த முனீஸ்வரன் மஞ்சுஸ்ரீ ஆனார். கத்தி அறியாமையை வெட்டுவதற்கு, புத்தகம் அறிவுக்கு. “படிச்சவருன்னு நான் சொன்னது தப்பில்லயே” என்று சார் அதில் மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. அடையாளம் தெரியாத உருப்படிகளுக்கு ஒரு தனித் தட்டு வைத்தோம். அதற்கும் என் கையால் மூன்று மொழியில் ‘தெரியாது’ என்று சீட்டு எழுதினேன். அந்தத் தட்டின்முன் நின்று யோசிக்கிற கூட்டம்தான் பிறகு கடையிலேயே பெரிய கூட்டம். காவ்யாவுக்கும் அந்தத் தட்டை ஞாபகப்படுத்தியிருக்கிறேன். பாட்டில் ஓப்பனர் என்று எழுதுவதற்கு அது எவ்வளவோ மேல்.

ஆனால் அன்றைக்கு லட்டு வைத்த பிறகும் ஒரு விஷயம் மிச்சம் இருந்தது. அது எனக்கு மட்டுமே தெரியும்.

பாலிஷ் போடுவதற்கு முன்னால் நான் அந்தக் கண்களை எண்ணவில்லை. போட்ட பிறகுதான் எண்ணினேன். முகத்தில் மூன்று, உள்ளங்கால் இரண்டிலும் இரண்டு, தாமரை பிடித்த கையில் ஒன்று. ஆறுதான். முழங்காலின்மேல் விரித்திருக்கிற வலது உள்ளங்கையில் ஒரு மழுங்கிய வழுவழுப்பு மட்டும் இருந்தது. தகட்டில் அந்தக் கைதான் புடைத்துக்கொண்டு நிற்கும், மிஷினில் முதலில் படுவதும் அதுதான். ஏழாவது கண்ணை நான் தேய்த்து எடுத்துவிட்டேன். சீட்டில் ஏழு என்று எழுதியது, பெண் சாமிக்கு ஒரு கண்ணைக் குறைத்து எழுத மனசு வராததால்.

டோல்மா அக்கா பெட்டியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கிளம்பினார். நான் தொண்டையைக் கனைத்தேன். நான் ஏதோ உளறப்போகிறேன் என்று சார் மேஜைக்கு அடியில் என் காலை மிதித்தார். நன்றாகவே மிதித்தார். ஆனாலும் சொல்லிவிட்டேன்.

“அக்கா, ஒரு கண்ணு போயிடிச்சி. நான்தான் தேய்ச்சிட்டேன்.”

அவர் நின்றார். பெட்டியைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். விரலால் அந்த உள்ளங்கையைத் தடவினார். ரொம்ப நேரம் தடவினார். அந்த ஏழு கண்ணும் அழுகிறவர்கள் ஒருவரையும் விட்டுவிடாமல் பார்ப்பதற்கு என்று காரில் வரும்போது எங்களிடம் சொல்லியிருந்தார். கொலுசு பார்த்துக்கொண்டிருந்தவர்கள்கூடக் கையில் பிடித்தபடியே நின்றார்கள். என்ன சொன்னாலும் வாங்கிக்கொள்வது என்று நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

“இது குடுக்கற கை” என்றார் அவர். “கண்ண தெறந்து, நீங்க பண்றத பாத்துக்கினு குடுத்தா உங்க கடைக்கு ஒண்ணும் வராது. மூடிக்கினே குடுக்கட்டும்.”

சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டார்.

சுப்பராமய்யா சாருக்கு மூன்று எண்ணுகிறவரை அது புரியவில்லை. பிறகு நாற்காலியைத் துடைக்காமலே உட்கார்ந்து, வயிறு குலுங்கச் சிரித்தார். நான் மாடிக்குப் போய், பாலிஷ் மிஷின் பக்கத்தில் நின்றுகொண்டு கொஞ்ச நேரம் அழுதேன்.